எஞ்சிய ஒரே பிள்ளை
சேர் தோமஸ் லிப்டனின் வாழ்வு நம் குடும்பங்களுக்குச் சொல்வது

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஊவாவுக்கு வருபவர்கள் பெரகல சந்தியை நன்கு அறிவர். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே ஏறி ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் போகிறது. மற்றது மலைச்சரிவோடு இறங்கி கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவை அடைகிறது. மேலே செல்லும் பாதையில் ஹப்புத்தளைக்கு அப்பால் டம்பேதன்னைத் தோட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே, மேகங்கள் தவழும் ஓர் உச்சி உண்டு. லிப்டன் சீட் என்று அதனை எல்லாரும் அழைக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் அங்கே போய், பெஞ்சியில் அமர்ந்திருக்கும் அவரது சிலைக்குப் பக்கத்தில் இருந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தேயிலை வியாபாரி லிப்டனை உலகம் முழுவதும் அறியும். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தந்தையருக்கு எஞ்சிய ஒரே பிள்ளையாக நின்று, அவர்களை இறுதிவரை தாங்கிய லிப்டனை அறிந்தவர் சிலரே. வீட்டில் ஒரு பிள்ளை இறந்து, அந்தத் துயரத்தோடு வயோதிபப் பெற்றாரையும் பார்க்கவேண்டிய பாரம் நம்மில் பலருக்கு வருகிறது. அப்படிப்பட்டவர்கள் இந்த வாழ்வைக் கொஞ்சம் நின்று நோக்குவது நல்லது.

பஞ்சத்திலிருந்து தப்பியவர்கள்

லிப்டனின் தந்தையார் பெயரும் தோமஸ்தான். தாயார் பிரான்சிஸ் ஜோன்ஸ்டன். இருவரும் அயர்லாந்தின் வட பகுதியில் குளோன்ஸ் என்னும் ஊரை அண்டிய கிராமத்தவர்கள். 1845ஆம் ஆண்டு அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. கிழங்கையே உண்டு வாழ்ந்த ஏழை மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். அப்படிப் புறப்பட்டவர்களுள் இந்த இளம் தம்பதிகளும் இருந்தனர். அவர்கள் கடலைக் கடந்து ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு வந்து சேர்ந்தார்கள்.

கிளாஸ்கோவில் கோர்பல்ஸ் என்னும் பகுதியில் அவர்கள் குடியேறினர். அந்நாளில் அது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள். ஓர் அறை, இரண்டு அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும். வாந்திபேதியும் டைபஸ் காய்ச்சலும் அடிக்கடி வந்து போயின. நமது லயக் காம்பராக்களை அறிந்தவர்களுக்கு அந்த வாழ்வை விளக்கத் தேவையில்லை.

அங்கேதான் 1848ஆம் ஆண்டு தோமஸ் பிறந்தார். இந்தத் தம்பதிகளுக்கு ஐந்து பிள்ளைகள்: நான்கு ஆண்கள், ஒரு பெண். மூன்று ஆண்களும் அந்த ஒரே மகளும் ஒருவர் பின் ஒருவராக மரித்துப் போயினர். முழு வாழ்வு வாழ எஞ்சியவர் தோமஸ் ஒருவரே.

நான்கு சவப்பெட்டிகளைத் தூக்கிய வீடு எப்படியிருந்திருக்கும்! அந்தத் தாயின் மனத்தில் ஓடியவை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் அவர் படுக்கையில் விழுந்துவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. கணவர் கூலி வேலை செய்தும், பின்னர் ஓர் ஆலையில் நேரக்கணக்கு எழுதியும் கொண்டுவந்த சிறு வருமானத்தைச் சேர்த்து, 1860களில் கிரவுன் வீதியில் ஒரு சின்னஞ்சிறு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், முட்டை, பன்றித் தொடையிறைச்சி ஆகியவையே அங்கே விற்றார்கள். பொருட்கள் அயர்லாந்திலிருந்து, அவர்களுடைய சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வரும். சிறுவன் தோமஸ் துறைமுகத்துக்குப் போய் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருவான்.

போன பிள்ளை திரும்பி வந்தான்

குடும்ப வறுமையினால் தோமஸ் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். காகிதக் கடையில் எடுபிடி வேலை, பின்னர் சட்டை தைக்கும் இடத்தில் வேலை, அதன்பின் அயர்லாந்துக்குப் போய்வரும் கப்பலில் பணிப்பையன் வேலை எனப் பலவும் பார்த்தார். கடலைக் கண்ட பையனுக்கு அக்கரை ஆசை பிறந்தது. பதினாறு பதினேழு வயதில், சேர்த்த காசைக் கொடுத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

தூரதேசத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றாருக்குத்தான் அந்த வேதனை விளங்கும். இன்று நம் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். வீட்டில் மரணம் நேர்ந்திருக்கையில், இருக்கும் பிள்ளையும் வாசலைத் தாண்டிப் போனால் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும்!

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயற் பண்ணையிலும் தோமஸ் வேலை செய்தார். கடைசியாக நியூயோர்க் நகரில் ஒரு பெரிய மளிகைக் கடையில் சேர்ந்தார். பொருட்களை அழகாக அடுக்கி, விளம்பரம் செய்து, வாடிக்கையாளரை முகமலர்ச்சியோடு வரவேற்கும் முறையை அங்கேதான் கற்றார். அந்த வேலையில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் குறை கூறுவார் யாருமில்லை.

ஆனால் அவர் 1869 அளவில் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டார். வரும்போது கையிலிருந்த சேமிப்புடன் இரண்டு பொருட்களையும் கொண்டுவந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. ஒன்று ஒரு பீப்பாய் கோதுமை மா. மற்றது தாயாருக்கு ஓர் ஆடும் நாற்காலி. இரண்டையும் வண்டியின் மேலே எல்லாரும் காணும்படி வைத்து, தம் தெருவழியே ஓட்டிச் சென்றாராம். விளம்பரக்காரரின் புத்தி அதில் இருந்தது உண்மையே. ஆயினும் பஞ்சத்தைக் கண்ட வீட்டுக்கு மாவும், ஓய்வைக் காணாத தாய்க்கு நாற்காலியும் கொண்டுவரத் தோன்றியதே, அது விளம்பரப் புத்தி மட்டுமல்ல.

தந்தையின் பயமும் மகனின் பொறுமையும்

வீடு வந்த மகன் பெற்றாரின் கடையிலேயே வேலை செய்தார். கடையைப் பெரிதாக்க வேண்டும், சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் திட்டங்கள் இருந்தன. தந்தையோ இசையவில்லை. உள்ளதே போதும், அகலக்கால் வைக்க வேண்டாம் என்பது அவருடைய போக்கு. ஊரை இழந்து, பிள்ளைகளை இழந்து நின்ற மனிதர் கையிலிருக்கும் சிறிதையும் இழக்க அஞ்சியதில் வியப்பென்ன என்று நினைக்கத் தோன்றுகிறது.

இத்தகைய வேளையில் பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. மகன் முதியவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்கிறான். அல்லது தன் வாழ்வை அடக்கிவைத்துக்கொண்டு உள்ளுக்குள் கசந்து போகிறான். தோமஸ் இரண்டையும் செய்யவில்லை. தந்தையின் கடையைத் தந்தையின் விருப்பப்படியே விட்டுவிட்டு, 1871ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி, தம் பிறந்த நாளிலேயே, நகரின் வேறொரு பகுதியில் ஸ்டொப்கிறொஸ் வீதியில் தமக்கென ஒரு கடையைத் திறந்தார்.

அந்தக் கடை வளர்ந்த கதை பெரிது. இடைத்தரகர் இன்றி அயர்லாந்து விவசாயிகளிடம் நேரே வாங்கினார், விலையைக் குறைத்தார். கொழுத்த பன்றிகளை அலங்கரித்துத் தெருவழியே ஓட்டி ஊரைச் சிரிக்கவைத்தார். 1881ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிரமாண்டமான பாற்கட்டியை வரவழைத்து, உள்ளே பொற்காசுகளை வைத்து விற்றார். வாங்கவந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிஸார் வேண்டியதாயிற்று. கிளாஸ்கோவில் தொடங்கிய கடைகள் ஸ்கொத்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து எங்கும் பரவின.

செல்வம் வந்ததும் முதலில் அவர் செய்தது என்ன? பெற்றாரைக் கோர்பல்ஸ் நெருக்கடியிலிருந்து வெளியே கொண்டுவந்து, நகருக்கு வெளியே கேம்பஸ்லாங் என்னும் இடத்தில் தோட்டத்துடன் கூடிய வீடொன்றில் அமர்த்தினார். தாயாரின் குடும்பப் பெயரையே அந்த வீடு தாங்கியது. ஒரு நாள் அம்மா சொந்தக் குதிரை வண்டியில் போவார் என்று சிறு வயதில் அவர் தாய்க்கு வாக்களித்திருந்தாராம். அந்த வண்டியும் வந்தது. அதைவிடப் பெரிய காரியம், அவரும் அதே வீட்டில் பெற்றாருடன் வாழ்ந்தார் என்பதே. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஊராக அலைந்து வியாபாரம் செய்த மனிதருக்கு வீடு என்றால் தாயிருக்கும் இடம்தான்.

பெற்றாரைப் பராமரிப்பது என்றால் மாதாமாதம் காசு அனுப்புவது என்று நாம் எண்ணிவிடுகிறோம். காசும் வேண்டியதே, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த முதியவர்களுக்குக் காசைவிட அவசியமான ஒன்றுண்டு. போனவர்களைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். வேறு யாருக்கும் அந்தப் பெயர்கள் நினைவில்லாத நிலையில், கூடப்பிறந்தவனுக்கு மட்டுமே அவை நினைவிருக்கும். அந்த வீட்டில் அந்த ஒருவர் தோமஸ்தான்.

இரண்டு மரணங்களும் ஒரு பயணமும்

1889ஆம் ஆண்டு தாயார் காலமானார். சில மாதங்களுக்குள், 1890ஆம் ஆண்டில், தந்தையாரும் அவரைப் பின்தொடர்ந்தார். நாற்பது வயதைக் கடந்த லிப்டன் இப்போது தனிமரம். அம்மா என்று அழைக்கவோ, உடன்பிறப்பு என்று சொல்லவோ யாருமில்லை.

அதே 1890ஆம் ஆண்டில்தான் அவர் இலங்கைக்கு வந்தார். தேயிலையை ஏலத்தில் வாங்காமல், தாமே பயிரிட்டு விற்றால் ஏழைகளும் வாங்கும் விலைக்குக் கொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. இலங்கையில் 1869 முதல் கோப்பிச் செடியை இலை நோய் தாக்கி, தோட்டங்களைப் பாழாக்கியிருந்தது. விலை வீழ்ந்து கிடந்த தோட்டங்களை அவர் வாங்கினார். டம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனராகந்தை முதலியவை அவர் கைக்கு வந்தன. அன்று புகையிரதம் ஹப்புத்தளையை எட்டியிருக்கவில்லை. உருளைக்கிழங்கைக் கருக்கிய ஒரு நோய் பெற்றாரை அயர்லாந்தை விட்டுத் துரத்தியது. கோப்பியைக் கருக்கிய இன்னொரு நோய் மகனை ஊவா மலைக்குக் கொண்டுவந்தது.

கொழுந்தைச் சரிவிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுவரக் கம்பி வடம் கட்டினார். தூளைச் சிறு பொதிகளில் அடைத்து, நிறை குறையாமல், தரம் மாறாமல் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று விற்றார். நல்ல தேநீர் தொழிலாளியின் மேசைக்கும் மலிவாக வந்தது. 1898ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணி அவருக்கு சேர் பட்டம் அளித்தார். அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றதனாலேயே அமெரிக்க மக்கள் அவரை நேசித்தார்கள்.

ஏழைகளின் உணவுக்கென அவர் பெருந்தொகை கொடுத்தார். 1897இல் லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் வழங்கினார். 1915இல் சேர்பியாவில் டைபஸ் நோய் பரவியபோது, தமது சொந்தக் கப்பலில் மருத்துவத் தொண்டர்களை ஏற்றிச் சென்று தாமே நேரில் நின்றார். கிளாஸ்கோ நகரின் ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவத் தம் தாயாரின் பெயராலேயே ஒரு நிதியையும் ஏற்படுத்தினார். குழந்தைகளை இழந்த தாயின் பெயரில் மற்றத் தாய்மாரின் குழந்தைகளைக் காப்பாற்றுவது, அந்தத் தாய்க்கு மகன் எழுப்பிய மிகப் பொருத்தமான ஞாபகச் சின்னம்.

சொல்லாமல் விட முடியாதது

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் மலையக வாசகர்கள் மனத்தில் எழும் கேள்வியை மறைத்துவிடக் கூடாது. டம்பேதன்னை மலையில் கொழுந்து பறித்த தாய்மாரும் பிள்ளைகளை இழந்தவர்களே. தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சமும் அதற்கு முந்திய வரட்சிகளும் அவர்களுடைய முன்னோரை ஊரைவிட்டுக் கிளப்பின. லிப்டனின் பெற்றாரைப் போலவே பசிக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். கங்காணியிடம் பட்ட கடனால் கட்டுண்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறவும் முடியாதிருந்தார்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல்தான் வந்தது. தோட்டங்களில் சிசு மரணம் அக்காலத்தில் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாயிருந்தது.

இது லிப்டன் ஒருவரின் குற்றமல்ல; தோட்ட முறை முழுவதும் அப்படித்தான் இருந்தது. என்றாலும், கோர்பல்ஸில் நெருக்கமான அறையில் தன் தாய் அழுததைக் கண்டவர், ஊவாவின் லயத்தில் இன்னொரு தாய் அழுததையும் கண்டிருக்கலாமே என்று எண்ணாதிருக்க முடியவில்லை. தன் தாயை நேசிப்பவன் ஊரார் தாயின் கண்ணீரையும் விளங்கிக்கொள்ளும்போதுதான் அந்த நேசம் முழுமை பெறுகிறது. கிளாஸ்கோத் தாய்மாருக்கு அவர் அதைச் செய்தார். நம் தாய்மாருக்கு அது போதிய அளவு கிட்டவில்லை.

அவர் மறைந்த பின்னரும் நம் குடும்பங்களின் பிரிவுகள் தொடர்ந்தன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், ஒரே வீட்டில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்றாயிற்று. இறந்து போகாத பிள்ளைகளையும் அன்று பெற்றார் இழந்தார்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பெரகலவிலிருந்து இறங்கும் பாதையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் பெற்றாரை இழந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த முதியவர்களும் அங்கே இருந்தார்கள். ஒரே நாளில் ஒருவரையொருவர் தாங்கவேண்டிய நிலை எல்லாருக்கும் வந்தது.

கடைசி இடம்

சேர் தோமஸ் லிப்டன் 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி லண்டனை அடுத்த தமது இல்லத்தில் காலமானார். மன்னர்களோடு விருந்துண்டவர், விரும்பியிருந்தால் லண்டனில் பெருமைமிக்க இடத்தில் அடக்கம் பெற்றிருக்கலாம். ஆனால் அவர் உடல் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. பிறந்த கோர்பல்ஸ் பகுதியிலேயே உள்ள சேமக்காலையில், தாய் தந்தையருக்கும் இளமையில் மறைந்த உடன்பிறப்புகளுக்கும் பக்கத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சொத்தின் பெரும்பகுதி அந்நகரின் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சென்றது. குடும்பம் மறுபடி ஓரிடத்தில் சேர்ந்தது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர்; பிரெஸ்பிட்டேரியன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தாயையும் தந்தையையும் சங்கிக்க வேண்டும் என்ற நான்காம் கட்டளை எல்லாருக்கும் பொதுவானது. அதை அவர் தம்மால் இயன்றவரை காத்தார்.

நம் குடும்பங்களில் இப்படி ஒரு துயரம் வரும்போது சில காரியங்களை நினைவில் வைப்போம். பிள்ளையை இழந்த தாய் தகப்பன்மார் தங்கள் அழுகையை அடக்கிக்கொண்டு முதியவர்களைப் பார்க்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைக்காக அழுகிறார்கள்; தம் மகனோ மகளோ படும் வேதனைக்காகவும் அழுகிறார்கள். அவர்களிடம் மரணத்தை மறைப்பதும், அந்தப் பெயரையே சொல்லாதிருப்பதும் பாரத்தைக் குறைக்காது. சேர்ந்து செபித்து, சேர்ந்து அழுது, சேர்ந்து சாப்பிட்டால் வயோதிபரைப் பார்ப்பதே ஒரு பெரிய பாரமாகத் தோன்றாது. சில வேளைகளில் அவர்களுக்குச் செய்யும் சிறு பணிவிடையே காலையில் எழும்புவதற்கு ஒரு காரணமாகும்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சியிருக்கும் பிள்ளையை நாம் மறந்துவிடுகிறோம். போன பிள்ளையின் இடத்தையும் அவனே நிரப்பவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையாக முடியாது. நான்கு பேருக்கு ஈடாக லிப்டனாலும் நிற்க முடியவில்லை. தம் தாய்க்கு ஒரு நல்ல மகனாக மட்டும் நின்றார். அதுவே போதுமாயிருந்தது. அத்தகைய பிள்ளைக்கு அயலவர்களும் உறவினர்களும் தோள் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் துணை போவது, ஓர் இரவு முதியவர் பக்கத்தில் இருப்பது, ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுப்பது எல்லாம் பெரிய தருமங்களே.

அடுத்த முறை பெரகல சந்தியில் பஸ் நிற்கும்போது மேலே ஹப்புத்தளைப் பக்கம் ஒருமுறை பாருங்கள். கீழே கொஸ்லந்தைப் பக்கமும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பாதைகளிலும் வாழ்ந்து மறைந்த தாய்மாருக்காகவும், அவர்கள் பறிகொடுத்த பிள்ளைகளுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். பின்னர் வீட்டுக்குப் போய், அங்கே காத்திருக்கும் முதியவர் பக்கத்தில் சற்று நேரம் உட்காருங்கள்.